கையெழுத்துப் போடாத ஒப்பந்தம்

வெள்ளிக்கிழமை பேனர் கட்டினார்கள். திங்கட்கிழமை கடிதம் வந்தது.

பேனர் தெருக்காரர்கள் கட்டியது. இந்தப் பக்க மின்கம்பத்துக்கும் அந்தப் பக்க மின்கம்பத்துக்கும் குறுக்கே, பச்சை எழுத்தில், 'எங்கள் தெருவின் டாக்டர் ஜுசாராவுக்கு வாழ்த்துகள்' என்று இருந்தது. லகோவா டோர்ட்டா என்ற அந்த ஊரில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும் இப்படிக் கட்டுவது வழக்கம். ஆனால் இதுவரை கட்டினதெல்லாம் கணக்குப் படிப்புக்கும் கால்நடைப் படிப்புக்கும்தான். மருத்துவத்துக்கு இதுதான் முதல் பேனர். நாற்பது இடத்துக்கு ஏழாயிரம் பேர் முட்டி மோதுகிற படிப்பு அது. அதனால் வெடி போட்டார்கள். இடம் கிடைத்த பிள்ளைக்குச் செய்கிற வழக்கப்படி, ஜுசாராவின் தலையில் முட்டையை உடைத்து, மாவைக் கொட்டி, மூஞ்சியில் நீலச் சாயம் பூசித் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போனார்கள். அவளுடைய அப்பா நிக்கனோர் மட்டும் வாசலை விட்டு இறங்கவில்லை. இவர்களுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிக்கனோருக்கு அறுபத்தேழு வயது. தண்ணீர் லாரி ஓட்டுகிறார். லகோவா என்றால் ஏரி. ஊர்ப் பெயரில் ஏரி உண்டு, ஊரில் கிடையாது. பிரேசிலின் வடகிழக்கில் அந்தப் பக்கமெல்லாம் வருஷத்தில் எட்டு மாதம் லாரித் தண்ணீர்தான். அவருக்கு ஒருத்தர் மேலும் நம்பிக்கை கிடையாது. தொட்டி நிரம்பியதும் வீட்டுக்காரனைக் கூப்பிட்டு, ஏறிப் பார்க்கச் சொல்லி, சீட்டில் கையெழுத்து வாங்காமல் குழாயைச் சுருட்டமாட்டார். வாங்கினவன் நாளைக்கே வாங்கவில்லை என்பான் என்று சொல்வார். அந்தச் சீட்டுகளெல்லாம் வருஷவாரியாகக் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். ஆனால் அவரிடம் யாராவது தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் லேசில் போடமாட்டார். "வச்சுட்டுப் போ, பாக்கறேன்" என்பார். அவர் பார்த்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

கடிதம் ஜுசாராவின் போனுக்கு வந்தது. அம்மா லிண்டால்வா அடுப்படியில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நிக்கனோர் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஜுசாரா நின்றபடியே வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் குரல் மெலிந்துவிட்டது.

விஷயம் இதுதான். மத்தியப் பல்கலைக்கழகத்தில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஜுசாராவுக்குக் கிடைத்தது அந்தப் பாதியில். அதற்கு மேல்நிலைப் பள்ளி மூன்று வருஷமும் முழுக்க அரசுப் பள்ளியில் சேர்ந்து படித்திருக்க வேண்டும். தனியாரில் ஒரு மாதம் சேர்ந்திருந்தாலும், இலவசமாகவே சேர்ந்திருந்தாலும், இடம் இல்லை. அவள் முதல் வருஷம் ஊரில் இருந்த கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தாள் என்று யாரோ பெயர் போடாமல் புகார் அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு போட்டோ. வெள்ளைச் சட்டை, கருஞ்சிவப்பு டை, வரிசையில் மூன்றாவதாக ஜுசாரா. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழுவின் முன்னால் வந்து ஆதாரத்தோடு விளக்கம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வியாழன் மாலையே பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"ரெண்டு மாசம்" என்றாள் லிண்டால்வா. கத்தி கையிலேயே இருந்தது. "ரெண்டே மாசம்தானேடி போன."

ஜுசாராவுக்கு இருபது வயது. பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையை மூன்று தடவை எழுதினவள். ஊரில் அவளுக்குப் படிக்க இடம் கிடையாது. வீட்டில் லிண்டால்வாவின் தையல் மெஷின் ஓயாது, நூலகம் மதியமே பூட்டிவிடுவார்கள். அதனால் அப்பாவின் லாரியில் ஏறிக்கொள்வாள். அவர் ஊர் ஊராகக் குழாயை இழுத்துக்கொண்டு போவார், அவள் முன்சீட்டில் முழங்காலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருப்பாள். உயிரியல் முழுவதையும் டீசல் நாற்றத்தில்தான் படித்தாள்.

புகார் போட்டது யார் என்று நிக்கனோர் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். மருந்துக்கடைக்காரன் முதல் ஆள், அவன் மகளும் இதே பரீட்சை எழுதினாள். அடுத்தது பேனரைக் கட்ட ஏணி கொண்டுவந்தவன். ஏணிக்காரன் ஏன் என்று லிண்டால்வா கேட்டதற்கு, அவன் ரொம்பச் சிரித்தான் என்றார்.

பிறகு மகளிடம் திரும்பி, போட்டோவில் இருப்பது தான் இல்லை என்று சொல்லிவிடச் சொன்னார்.

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அது நான் இல்லேன்னு எப்படிப்பா சொல்றது?" என்றாள் ஜுசாரா.

"அஞ்சு வருஷத்துல மூஞ்சி மாறும்."

"பொய் சொல்லி உள்ள போனா, நாலாவது வருஷத்துல கண்டுபிடிச்சு வெளிய தள்ளுவாங்க. போன வருஷம் ரெண்டு பேரத் தள்ளினாங்க. நான் உள்ளதைத்தான் சொல்லப்போறேன். ரெண்டு மாசம் போனேன், இடத்தை அவங்களே புடுங்கிக் கவுன்சிலர் மகளுக்குக் குடுத்துட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

நிக்கனோர் காபியை எடுத்தார். காபி ஆறிப்போயிருந்தது. எழுந்து போய் லாரிச் சக்கரத்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

கவுன்சிலர் மகள் என்று ஒருத்தி கிடையாது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம், லிண்டால்வா துணி கொடுக்கப் போன நேரத்தில், கதவைத் தாழிட்டுவிட்டு டப்பாவை வெளியே இழுத்தார். அடியில், ஐந்து வருஷத்துக்கு முந்தின சீட்டுகளுக்குக் கீழே, அது இருந்தது. நாலு பக்கம், நெருக்கி அச்சடித்தது, மேலே கன்னியாஸ்திரிகள் பள்ளியின் புறா முத்திரை. ஒரே மாதிரி இரண்டு பிரதி. இரண்டிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தை லிண்டால்வாதான் நடையாய் நடந்து வாங்கினாள். நல்ல பள்ளி. காசு வேண்டாம், பெண் கெட்டிக்காரி என்று பள்ளியை நடத்திய சிஸ்டர் பெனிக்னா ஒத்துக்கொண்டார். பிள்ளை நாளைக்கே வகுப்புக்கு வரட்டும், அப்பா இதைப் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும் என்று தாளை நிக்கனோர் கையில் கொடுத்துப் பேனாவையும் நீட்டினார். நிக்கனோர் பேனாவை வாங்கவில்லை. வீட்டில் போய்ப் பார்க்கிறேன் என்றார்.

அவர் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். ஊர்ப் பெயர் படிப்பார். போர்டு படிப்பார். லிட்டர் கணக்கில் யாரும் அவரை ஏமாற்ற முடியாது. தன் பெயரைக் கோழி கிளறின மாதிரி எழுதுவார். நாலு பக்கம் நெருக்கி அடித்தது என்றால் இரண்டாம் வரியிலேயே எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். இலவசமாகக் கொடுக்கிறவன் நாலு பக்கம் எதற்கு எழுதுகிறான்? உள்ளே எங்கேயோ ஒரு கண்ணி இருக்கிறது என்று அவருக்கு நிச்சயம். பிள்ளை பரீட்சையில் தோற்றால் மொத்தப் பணத்தையும் கட்டு, லாரியைக் கொடு என்று எழுதியிருக்கலாம். லிண்டால்வாவுக்கு அவரளவு கூட வராது. படிக்கத் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் பதினைந்து வயது ஜுசாரா. அவளிடம் நீட்டி இதைப் படி என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவுக்குப் படிக்க வராது என்பது அவளுக்குத் தெரியாது. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்காரும் அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும்.

சிஸ்டரையும் நம்பாமல், அரசுப் பள்ளிக்குப் போய், பெண்ணின் பெயரை இப்போது நீக்க வேண்டாம், உறுதியானதும் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவைத்தார். கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று வீட்டில் சொன்னார். சிஸ்டர் பெனிக்னா மூன்று தடவை சீட்டு அனுப்பினார். நிக்கனோர் மூன்றையும் பத்திரப்படுத்தினார். கடைசியில் சிஸ்டரே லாரியை வழியில் மறித்து, ஒப்பந்தம் இல்லாமல் இனி வைத்துக்கொள்ள முடியாது என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கவுன்சிலர் மகளைப் பெற்றெடுத்தார் நிக்கனோர். எல்லாருமே திருடர்கள் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவர்தானே, வீட்டில் உடனே நம்பினார்கள். ஜுசாரா மூன்று நாள் சாப்பிடவில்லை. டையைக் கழற்றிக் கொடுக்கமாட்டேன் என்று அடம் பிடித்தாள்.

இப்போது அந்தத் தாள் வெளியே வந்தால், அவள் அங்கே போனதற்கு அதுவே சாட்சி என்று நிக்கனோருக்குத் தோன்றியது. கொல்லைப்புறம் கரியடுப்பு இருந்தது. எடுத்துக்கொண்டு போனார். தீக்குச்சியைக்கூட உரசினார். ஆனால் அறுபத்தேழு வயது வரை ஒரு தாளையும் அழித்தது கிடையாது. குச்சி விரலைச் சுட்டதும் உதறினார். வீட்டில் வைத்தால் யார் கையிலாவது அகப்படும் என்று, சிஸ்டரின் சீட்டுகளோடு சேர்த்து மடித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வியாழன் வரை அதை வெளியே எடுக்கவில்லை.

புதன்கிழமை முழுக்க வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. ஜுசாரா தன் மதிப்பெண் சான்றிதழை எடுப்பாள், பார்ப்பாள், உறையில் வைப்பாள், திரும்ப எடுப்பாள். லாரியில் போகும்போது பேனர் தாழ்ந்து தொங்கியதில் தண்ணீர்த் தொட்டியின் மூடி அதில் உரசியது. வீட்டுக்கு வந்ததும், பேனரை அவிழ்த்துவிடலாமா என்று நிக்கனோர் கேட்டார்.

"தொட்டுப் பாருய்யா" என்றாள் லிண்டால்வா. "கையை ஒடிச்சிருவேன்."

வியாழன் விடியற்காலை ஐந்து மணி பஸ். லிண்டால்வா சோளமாவுப் புட்டும் பொரித்த முட்டையும் டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். இரண்டு பேரும் அதைத் திறக்கவில்லை. நாலு மணி நேரம் ஜுசாரா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். நிக்கனோர் டிரைவரைப் பார்த்துக்கொண்டு வந்தார். ரொம்ப மெதுவாக ஓட்டுகிறான் என்று நினைத்தார்.

பல்கலைக்கழகத்தில் நீளமான நடையில் பெஞ்சு போட்டிருந்தது. அதில் இவர்களைப் போல இன்னும் இரண்டு குடும்பம். உள்ளே போய் வந்த ஒரு பையன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நிக்கனோர் பார்வையை மாற்றிக்கொண்டார்.

பத்தேகாலுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவி, டாக்டர் ஒட்டீலியா, வெள்ளைத் தலைமுடி, கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி. வலப்பக்கம் சட்டப் பிரிவிலிருந்து ஒரு மீசைக்காரர். ஓரத்தில் தட்டச்சு செய்ய ஒரு பெண். சுவரில் கடிகாரம். தலைவி கடுமையாகப் பேசவில்லை. அதுதான் நிக்கனோருக்குப் பயமாக இருந்தது. கத்துகிறவர்களோடு அவருக்குப் பழக்கம் உண்டு.

போட்டோவை நீட்டி, இது நீதானா என்று தலைவி கேட்டார். ஆமாம் என்றாள் ஜுசாரா. எத்தனை நாள் போனாய் என்றார். இரண்டு மாதம், பிப்ரவரியும் மார்ச்சும் என்றாள். நடுக்கம் இல்லாமல், லாரியில் ஒப்பித்துப் பார்த்த மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள். காசு கட்டவில்லை. உதவித்தொகை இடம். பிறகு அவர்களே எடுத்துவிட்டார்கள்.

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார் தலைவி. "ஆனா விதி உனக்கே தெரியும். இலவசமா இருந்தாலும் தனியார் பள்ளி தனியார் பள்ளிதான். அங்க சேர்ந்திருந்தா இந்த இடம் உனக்கு இல்ல."

மீசைக்காரர் சான்றிதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். அரசுப் பள்ளியில் முதல் வருஷம் பெயரை நீக்கவே இல்லையே, நாற்பத்தோரு நாள் வரவில்லை என்று மட்டும்தானே போட்டிருக்கிறது என்றார். கன்னியாஸ்திரிகள் பள்ளியை மூடி மூன்று வருஷமாகிறது, அதன் பதிவேடெல்லாம் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கிடக்கிறது, திங்கட்கிழமையே கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை என்றார். பிறகு ஜுசாராவைப் பார்த்தார்.

"சும்மா வகுப்புல உக்காந்திருந்தா அது சேர்க்கை ஆகாது. ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தாத்தான் சேர்க்கை. கையெழுத்து ஆச்சா?"

"ஆச்சு சார்" என்றாள் ஜுசாரா. "அப்பாதான் போட்டாரு. போட்ட பின்னாடிதான் கவுன்சிலர் மகளுக்குக் குடுத்தாங்க. அநியாயம் அவங்க பண்ணினது, நாங்க பண்ணல."

மீசைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். தலைவி கண்ணாடியைக் கழற்றினார். தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் வேலை செய்யத் தொடங்கின. அந்தச் சத்தம் நிக்கனோருக்கு, தொட்டி நிரம்பும் முன்னால் குழாயில் தண்ணீர் தீர்ந்து காற்று வருகிற சத்தம் மாதிரி இருந்தது.

தன் பொய்யைத் தன் மகள் வாயால் கேட்டார். எவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறாள். சட்டைக்குள் பிளாஸ்டிக் பை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சிஸ்டர் பெனிக்னா எங்கேயோ போய்விட்டார். மகள் அவர்களைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவாள். நாலாவது தடவை எழுதுவாள். லாரியில் உட்கார்ந்து படிப்பாள்.

"நான் போடல" என்றார் நிக்கனோர்.

தட்டச்சு நின்றது. ஜுசாரா திரும்பிப் பார்த்தாள்.

"எதைப் போடல, பெரியவரே?" என்றார் மீசைக்காரர்.

சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பையை உருவினார் நிக்கனோர்.  புறா முத்திரை போட்ட இரண்டு பிரதியையும், சிஸ்டரின் மூன்று சீட்டையும் மேஜையில் வைத்தார். மீசைக்காரர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். இரண்டிலும் கோடு காலியாக இருந்தது. சீட்டுகளை வாசித்தார். மூன்றிலும் ஒரே விஷயம்தான், இன்னும் கையெழுத்து வரவில்லை, தயவுசெய்து அனுப்பவும்.

"ஏன் போடல?" என்றார் தலைவி.

"அவங்கள நம்பல."

"படிச்சுப் பாத்தீங்களா?"

நிக்கனோர் மேஜையின் காலைப் பார்த்தார். அதில் ஒரு திருகாணி இல்லை.

"எனக்குப் படிக்க வராது" என்றார்.

 மீசைக்காரர் போனை எடுத்துக்கொண்டு, வெளியே காத்திருக்கச் சொன்னார். கல்வி அலுவலகத்தில் யாரையாவது பிடித்துப் பதிவேட்டை இப்போதே திறக்கச் சொல்கிறேன், அதில் பெயர் இருந்தால் இந்தத் தாளால் ஒன்றும் ஆகாது என்றார்.

நடையில் பெஞ்சின் இந்தக் கோடியில் நிக்கனோர் உட்கார்ந்தார். அந்தக் கோடியில் ஜுசாரா. பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. அலுவலகத்துப் பெண்கள் சாப்பாட்டுக்குப் போனார்கள். கதவு திறக்கவில்லை.

"கவுன்சிலர் மகள்?" என்றாள் ஜுசாரா, அவர் பக்கம் திரும்பாமலே.

"இல்ல."

"அப்படி ஒருத்தியே இல்லையா?"

"இல்ல."

"அஞ்சு வருஷமா அவளைத் திட்டிக்கிட்டு இருக்கேன். ரோட்டுல யாராவது நல்ல செருப்புப் போட்டுப் போனா, இவதானோ அவன்னு பாப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்கிட்ட குடுத்திருந்தா படிச்சுச் சொல்லியிருப்பேன்ல. பத்து நிமிஷம் ஆகியிருக்குமா?"

"பதினஞ்சு வயசுப் புள்ளகிட்ட..." என்று தொடங்கி விட்டுவிட்டார். 

"லாரியில நான் சத்தம் போட்டுப் படிக்கறப்ப, அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படின்னு சொல்லுவீங்க" என்றாள். "பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

"பிடிச்சுதான் இருந்துச்சு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கதவு திறந்து உள்ளே கூப்பிட்டார்கள். கல்வி அலுவலகத்துக்காரர் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்துப் பார்த்திருந்தார். சேர்க்கைப் பதிவேட்டில் ஜுசாரா என்ற பெயரே இல்லை. மேல்நிலை முதல் வருஷ வருகைத் தாளில் மட்டும் கடைசி வரியில் பென்சிலால் எழுதி, ஏப்ரலில் அடித்திருந்தது. அவ்வளவுதான். சட்டப்படி அவள் ஒரு நாளும் தனியார் பள்ளியில் சேரவில்லை என்றார் மீசைக்காரர். ஜுசாரா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஒப்பந்தத்தில் தான் கையெழுத்துப் போடவில்லை என்று அப்பா ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அது இருந்தால்தான் புகாரை மூட முடியும், இன்றைக்கே இடத்தை உறுதி செய்ய முடியும். தட்டச்சுப் பெண் ஒரு பக்கத்தை அச்செடுத்து நிக்கனோர் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

நிக்கனோர் பேனாவை எடுத்தார். கீழே வைத்தார். தலைவி கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, போடலையா?"

வச்சுட்டுப் போங்க, பாக்கறேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துப் பழக்கம். அதை விழுங்கிவிட்டு, தாளை மேஜை மேலேயே மகள் பக்கம் நகர்த்தினார்.

"படி" என்றார்.

ஜுசாரா தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு படித்தாள். வேண்டுமென்றே மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல், அவருடைய அடையாள அட்டை எண்ணைக்கூட ஒவ்வொரு இலக்கமாக. நடுவில் ஒரு இடம் வந்தது. "மேற்படி ஒப்பந்தத்தில் நான் தனிப்பட்ட காரணங்களால் கையொப்பமிடவில்லை."

"நில்லு" என்றார் நிக்கனோர். "நான் அப்படிச் சொல்லல."

பெரியவருக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான் அப்படி எழுதினேன் என்றாள் தட்டச்சுப் பெண்.

"தனிப்பட்ட காரணம்னா நாளைக்கு ஒருத்தன் வந்து, என்ன காரணம்னு கேப்பான். ஆளுக்கொரு காரணம் சொல்லுவான். நான் சொன்னதை எழுதும்மா. படிக்க வராது. அதனால போடல."

மறுபடியும் அச்செடுத்தார்கள். ஜுசாரா மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அந்த வரி வந்தபோது குரலை இறக்கவில்லை, ஏற்றவும் இல்லை. நிக்கனோர் பேனாவை இறுகப் பிடித்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை வரைந்தார். கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. பரவாயில்லை என்றார் தலைவி. பிறகு ஜுசாராவிடம் கையை நீட்டி, வகுப்பு மார்ச் நாலாம் தேதி, சீக்கிரம் விடுதிக்கு எழுதிப் போடு என்றார்.

ஒப்பந்தத்தில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜுசாராதான் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் முன்னாலும் அவர் அடுத்த வரிசையிலும் உட்கார்ந்தார்கள். பஸ் நகரத்தைத் தாண்டியதும் அவள் சோளப்புட்டு டப்பாவைத் திறந்து பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பின்னால் நீட்டினாள். அதன் பிறகு அந்த நாலு பக்கத்தை விரித்துப் படிக்கத் தொடங்கினாள். நிக்கனோர் அவள் தலையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் மனசுக்குள் எண்ணிக்கொண்டார்.

"சீருடையைத் துவைச்சுப் போடணும்" என்றாள், திரும்பாமல். "காலையில ஜெபத்துக்கு வரணும். நூலகப் புத்தகத்தைக் கிழிக்கக் கூடாது. லீவு போட்டா சீட்டு குடுக்கணும்." தாளை மடித்தாள். "அவ்வளவுதான் இருக்கு. நீங்க பயந்தது ஒண்ணுகூட இதுல இல்ல."

போட்டிருந்தா இன்னைக்கு உனக்கு இந்த இடம் இல்ல என்று சொல்லலாம் என்று நிக்கனோருக்குத் தோன்றியது. நிஜமும் அதுதான். வாயைத் திறந்தார். அவள் கழுத்து விறைப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் புட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஜுசாரா அந்தத் தாளைத் தன் பையில், உயிரியல் புத்தகத்துக்குள் செருகினாள். அது பிஸ்கட் டப்பாவுக்குத் திரும்பவில்லை. அதைக் கேட்கவும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

புகார் எழுதியது யார் என்று இன்றைக்கு வரை தெரியாது. ஐந்து பேர் மேலும் சந்தேகம் அப்படியே இருக்கிறது. ஐந்து பேர் வீட்டுக்கும் நிக்கனோர்தான் தண்ணீர் ஊற்றுகிறார், கையெழுத்து வாங்கிக்கொண்டு.

அன்று பஸ் தெருமுனையில் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. தூரத்தில் பேனர் தெரிந்தது. அதற்கு அடியில், தோளில் அளவு நாடாவோடு, லிண்டால்வா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜுசாரா படியில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். லிண்டால்வா நாடாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவரத் தொடங்கினாள்.

"கவுன்சிலர் மகளைப் பத்தி அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள் ஜுசாரா. "நான் சொல்லமாட்டேன்."

நிக்கனோர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.